ஆடித் தள்ளுபடியில் வாங்கிய பழைய மாடல் போன்: திருப்பிக் கொடுக்க முடியுமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கொழிஞ்சாம்பாறை பக்கம் சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறார். தைத்த பிளவுஸ்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுத்தான் பாதி ஆர்டர் வருகிறதாம். பழைய போனில் எம்பிராய்டரி தெளிவாக விழவில்லை என்று, 2025 ஆடித் தள்ளுபடியில் பொள்ளாச்சிக்குப் போய் ஒரு ஷோரூமில் ஐபோன் 13 வாங்கியிருக்கிறார். வாசல் போர்டில் 79,900 ரூபாயை அடித்துவிட்டு 44,999 என்று போட்டிருந்தார்கள். முன்பணம் வேண்டாம், 12 மாதத் தவணை, வட்டி கிடையாது என்றார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் மாதம் 4,000 வீதம் 48,000 வருகிறது. பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அதில் 'மொபைல் பாதுகாப்புத் திட்டம் 2,999' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அவர் அதைக் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் அண்ணன் மகன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது 2021 மாடல். அடுத்த வருஷம் வாட்ஸ்அப்பே ஓடாது. நல்லா ஏமாத்திட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான். கடைக்குப் பேசினால், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது என்கிறார்கள். வாங்கும் முன் சேல்ஸ்மேன் அனுப்பிய "லேட்டஸ்ட் ஆப்பிள் ஏஐ எல்லாம் இதுல வரும் மேடம்" என்ற வாட்ஸ்அப் செய்தி இன்னும் இருக்கிறது. வாங்கி 12 நாள் ஆகிறது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் சட்டப்படி ஏழு நாளில் திருப்பியிருக்கலாமே என்று வருந்துகிறார். தமிழ்நாட்டில் வாங்கியதற்குக் கேரளாவில் வழக்குப் போட முடியுமா, பில் தையல் கடை பெயரில் இருப்பது தடையா, வாரன்டியாவது செல்லுமா, தவணை கட்டாமல் நிறுத்தினால் கடைக்காரர் இறங்கி வருவாரா, இல்லை கிடைத்த விலைக்கு விற்றுவிடலாமா என்று கேட்கிறார். மூன்று நாளாகத் தூக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் தூங்குங்கள். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கையில் ஆதாரமும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, 'இதை வாங்கியிருக்க வேண்டாமோ' என்ற எண்ணம். மற்றொன்று, உங்களிடம் சொல்லாமல் செய்ததும் தவறாகச் சொன்னதும். முதலாவதற்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. இரண்டாவதற்கு உண்டு. எது எது என்று பிரித்துவிட்டால் பாதி பாரம் குறைந்துவிடும்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தைத்த பிளவுஸில் கை ஒன்று குட்டையாக இருந்தால் நீங்கள் சரிசெய்து தருவீர்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்புவீர்கள். 'இந்தக் கலர் வேண்டாமென்று இப்போது தோன்றுகிறது' என்று ஒருவர் வந்தால் அது உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. கடையில் வாங்கிய பொருளை மனம் மாறியதற்காகத் திருப்பும் உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை. ஆன்லைனிலும் அப்படித்தான். அங்கே ஏழு நாள், பத்து நாள் என்பது அந்தந்தத் தளம் தானாக வைத்துக்கொண்ட கொள்கை. பழுதான பொருள், போலி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள் ஆகியவற்றைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பதுதான் 2020 மின்வணிக விதிகளில் உள்ளது. அதனால் பொள்ளாச்சிக்குப் போனது தப்பு என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

அதே நேரம், பில்லில் அச்சடித்த அந்த வரியைப் பார்த்து ஒதுங்கிவிடவும் வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பெரிய எழுத்தில் போட்டாலும் பழுதான பொருள் விஷயத்தில் அது நிற்காது. எனவே உங்கள் போனில் பழுது உண்டா என்பதை இந்த 30 நாளுக்குள் தெரிந்துகொள்வது முக்கியம்.

போன் உண்மையிலேயே அவ்வளவு பழசா?

அண்ணன் மகன் சொன்னதில் பாதி சரி. ஐபோன் 13 வந்தது 2021 செப்டம்பரில். 2024 செப்டம்பரில் 16 வரிசை வந்தபோது ஆப்பிள் இதை விற்பதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கடைகளில் கிடைத்தது மீதி ஸ்டாக். அதனால்தான் இந்த விலை.

வாட்ஸ்அப் நின்றுவிடும் என்பது வெறும் பயம். 2025 மே மாதத்திலிருந்து வாட்ஸ்அப்புக்கு ஐஓஎஸ் (ஐபோனை இயக்கும் மென்பொருள்) 15.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதில் விழுந்தவை ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ். உங்கள் போன் பிறந்ததே ஐஓஎஸ் 15ல்தான், அதற்குப் பிறகு எத்தனையோ அப்டேட் வந்துவிட்டது. ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்த ஐஓஎஸ் 26, ஐபோன் 11 வரைக்கும் உண்டு. அதில் விட்டுப்போனவை 2018ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்கள். அதாவது அவை ஏழு ஆண்டு ஓடியிருக்கின்றன. அந்தக் கணக்கில் உங்கள் போனுக்கு 2028 வாக்கில் வரைக்கும் எதிர்பார்க்கலாம். இது இதுவரை நடந்ததை வைத்துச் சொல்வது, நிறுவனம் எழுதிக் கொடுத்த வாக்கு இல்லை. உதிரிபாகத்தைப் பொறுத்தவரை, விற்பனையை நிறுத்தி ஐந்து ஆண்டு கழிந்த பிறகுதான் ஒரு மாடலைப் பழைய பட்டியலில் சேர்ப்பது ஆப்பிளின் வழக்கம். 2029 வரை பேட்டரி மாற்றவோ டிஸ்ப்ளே மாற்றவோ பெரிய சிக்கல் வராது.

இதை ஆண்ட்ராய்டு வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். 'ஐந்து வருட அப்டேட்', 'ஏழு வருட அப்டேட்' என்று பெட்டியில் பார்த்தால், அந்தக் கணக்கு தொடங்குவது மாடல் அறிமுகமான நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. மூன்று வருடப் பழைய மாடலைப் பாதி விலைக்கு வாங்கும்போது ஆயுளிலும் மூன்று வருடத்தைக் கழித்துவிட்டுத்தான் விலையைப் பார்க்க வேண்டும். தள்ளுபடி போர்டு எதிலும் இதை எழுதி நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். இது பழைய லைட்னிங் கேபிள் போன், வீட்டில் மற்றவர்களின் டைப்-சி கேபிள் பொருந்தாது. பேட்டரி 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு 80 சதவீதக் கொள்ளளவாவது இருக்கும்படி வடிவமைத்தது. ஐபோன் 15 முதல் வந்தவற்றுக்கு அதுவே 1,000 முறை. ஆனால் எம்பிராய்டரியைப் படம் எடுக்க, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்க, 5ஜி பயன்படுத்த இந்த போன் தாராளமாகப் போதும்.

போர்டில் இருந்த விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 79,900 என்பது 2021ல் 128 ஜிபி மாடலுக்கு இருந்த விலை. 2022ல் 69,900 ஆனது, 2023ல் 59,900 ஆனது. ஆகவே உங்களுக்குக் கிடைத்த உண்மையான தள்ளுபடி சுமார் 15,000 ரூபாய், 35,000 இல்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பியைப் பாருங்கள். அதில் 79,900 என்று இருந்தால் கடைக்காரர் தப்பித்துக்கொள்வார். 59,900 என்றோ வேறு குறைந்த தொகையோ இருந்தால், இல்லாத விலையை அடித்துக் காட்டியிருக்கிறார்கள். வழக்கமான விற்பனை விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவதும் முறையற்ற வணிக நடைமுறைதான்.

இன்றே பார்க்க வேண்டியவை

கையில் பில், பெட்டி, போன் மூன்றையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பத்து நிமிட வேலை.

பெட்டியின் அடியில் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். பொட்டலப் பொருள் விதிகளின்படி அது கட்டாயம். ஐபோன் 13ஐ 2022 ஏப்ரல் முதல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் தயாரித்தார்கள். தேதி எவ்வளவு பழசோ, பேட்டரியும் அவ்வளவு காலம் பெட்டிக்குள் சும்மா இருந்திருக்கிறது. பயன்படுத்தாமல் வைத்தாலும் லித்தியம் பேட்டரி மெதுவாகத் தேயும். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புது போனில் நூறு, அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும்.

அடுத்து செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட். அங்கே மாடல் நம்பரின் முதல் எழுத்து 'எம்' என்றால் புதிதாக விற்றது. 'எஃப்' என்றால் புதுப்பித்து விற்றது. 'என்' என்றால் சர்வீஸில் மாற்றாகக் கொடுத்தது. கடைசியில் 'எச்என்/ஏ' என்று முடிந்தால் இந்தியச் சந்தைக்கான போன். நம் பக்கம் வளைகுடாவிலிருந்து வரும் போன்களும் கைமாறுவதால் இதைச் சொல்கிறேன். ஐபோன் வாரன்டியை அது முதலில் விற்கப்பட்ட நாட்டோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை ஆப்பிளுக்கு உண்டு.

அதே பக்கத்தில் கவரேஜ் என்று ஒரு வரி இருக்கும். வாரன்டி முடியும் தேதி, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளி இருக்க வேண்டும். நாலைந்து மாதம் முன்னதாகவே முடிவதாகக் காட்டினால், யாரோ அதை முன்பே ஆக்டிவேட் செய்திருக்கிறார்கள் என்று பொருள். கடை டிஸ்ப்ளேவில் வைத்த போனாகவும் இருக்கலாம். அப்போது கடையிடம் விளக்கம் கேளுங்கள். தேதியைத் திருத்த மட்டும் என்றால் பில்லைக் காட்டி ஆப்பிளிடமே கேட்கலாம்.

கடைசியாக *#06# அழுத்தினால் போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் போன் முறையானதா, தடை செய்யப்பட்டதா என்று தெரியும்.

இவற்றில் ஏதாவது ஒன்று இடித்தால் கதையே மாறிவிடும். புதியது என்று சொல்லிப் பயன்படுத்தியதையோ வேறு நாட்டுப் போனையோ விற்றிருக்கலாம். அது உறுதியானால் பணத்தை முழுதாகத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்து, போனும் ஒழுங்காக ஓடினால் பழுதில்லை. அப்போது மிச்சம் இருப்பது சேல்ஸ்மேன் சொன்ன வார்த்தையும் அந்த 2,999 ரூபாயும்.

சேல்ஸ்மேன் சொன்ன வார்த்தை

ஆப்பிளின் ஏஐ வசதிகள் ஐபோன் 15 புரோவிலிருந்துதான் உண்டு. உங்கள் போனில் வராது, அப்டேட் செய்தாலும் வராது. அந்தச் செய்தி எழுத்தில் இருப்பது உங்கள் பெரிய பலம். தயவுசெய்து அந்த உரையாடலை அழிக்காதீர்கள். வந்த நம்பரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இதில் கடை எப்படி வாதாடும் என்றும் சொல்லிவிடுகிறேன். 'சாட்ஜிபிடி போன்ற செயலிகள் இதிலும் ஓடும், அதைத்தான் சொன்னோம்' என்பார்கள். 'ஆப்பிள் ஏஐ' என்று குறிப்பாக எழுதியிருப்பதால் அது எடுபடுவது கடினம். ஆனால் வழக்கென்று போனால் நுகர்வோர் ஆணையம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: அந்த வசதிக்காகத்தான் வாங்கினீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால் கேமராவுக்காக வாங்கியதாகவே தெரிகிறது. உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதனால் இந்த ஒரு காரணத்தை வைத்து முழுப் பணமும் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். பேச்சுவார்த்தையில் கடையை இறங்கி வரச் செய்ய இது நிச்சயம் உதவும்.

பாதுகாப்புத் திட்டம் வேறு விஷயம். கேட்காத ஒன்றைச் சொல்லாமல் சேர்த்துத் தவணையில் கலந்துவிடுவது இப்போது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது, எனக்கு இதில் கடும் கோபம் உண்டு. மாதம் 3,750க்குப் பதில் 4,000 என்றால் யாருக்கும் சட்டென்று உறைக்காது என்று தெரிந்தே செய்கிறார்கள். ஆனால் தவணைக் கடனுக்காக நீங்கள் ஓடிபி சொன்னதும், டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டதும் உங்கள் சம்மதமாகவே கணக்கில் இருக்கும். எனவே கடன் நிறுவனத்திடம் முக்கிய விவரத் தாளை (கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்) கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கடன் தொகை எவ்வளவு, கட்டணம் என்னென்ன என்று அதில் இருக்கும். அப்புறம் திட்டத்தை ரத்து செய்யச் சொல்லிக் கடைக்கும் கடன் நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். கடன் நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள்

கடையோடு உங்களுக்கு இருப்பது ஒரு ஒப்பந்தம், கடன் நிறுவனத்தோடு இருப்பது வேறு ஒப்பந்தம். கடைக்காரருக்குப் பணம் அன்றைக்கே போய்விட்டது. நீங்கள் தவணை கட்டாவிட்டால் அவருக்கு ஒன்றும் வலிக்காது. உங்களுக்குத்தான் அபராதமும், வங்கியில் தவணை திரும்பிய கட்டணமும், சிபில் மதிப்பெண் சரிவும். நாளை தையல் மெஷினுக்கோ கடையை விரிவாக்கவோ கடன் கேட்கும்போது இது குறுக்கே நிற்கும். சண்டை போட்டுக்கொண்டே தவணையும் கட்டலாம், அதனால் உங்கள் உரிமை குறையாது.

எல்லை தாண்டி வாங்கியதால் உரிமை போகாது

மாநில எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் வாரன்டி செல்லாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. இந்தியாவில் விற்ற போனுக்கு இந்தியாவில் எந்த அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலும் வாரன்டி உண்டு. பில்லில் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி இருப்பதும் ஒரு தடை இல்லை. 2020 ஏப்ரல் முதல் போனுக்கு நாடு முழுக்க 18 சதவீதம்தான்.

வழக்குக்கும் அப்படித்தான். பழைய 1986 சட்டப்படி எதிர்தரப்பு இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் போட வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்கிறது. நீங்கள் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ அலைய வேண்டாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு.

பில்லைத் தையல் கடை பெயரில் போட்டது வழக்கைக் கெடுக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். சுயதொழில் செய்து பிழைக்கிறவர் அந்தத் தொழிலுக்காக வாங்கினாலும் நுகர்வோர்தான் என்று சட்டம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அந்தக் கவலை வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

மேலே சொன்ன சோதனைகள் சரியாக வந்தால் போனை வைத்துக்கொள்வேன். பிரித்த போனை இப்போது விற்றால் பழைய போன் விலைதான் கிடைக்கும், தவணை மட்டும் ஏறக்குறைய ஒரு வருடம் மிச்சம் இருக்கும். பொருள் கையில் இல்லாமல் தவணை கட்டுவது இன்னும் கசக்கும். வழக்குப் போட்டாலும், பொருளை ஆய்வகத்தில் சோதிக்கத் தேவைப்படாத வழக்குக்கு மூன்று மாதம் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும்.

ஆனால் 2,999 ரூபாயை விட மாட்டேன். கூட்டம் இல்லாத ஒரு வார நாள் காலையில் கடைக்கு நேரில் போவேன். சேல்ஸ்மேனிடம் பேசாமல் மேனேஜரிடமோ முதலாளியிடமோ அந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவேன். இரண்டு விஷயம் கேட்பேன்: பாதுகாப்புத் திட்டத்தை ரத்து செய்து தொகையைக் கடனில் கழிக்க வேண்டும். முடிந்தால், வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டு வேறு மாடல் மாற்றித் தர வேண்டும். இரண்டாவது கோரிக்கை, வாக்குவாதம் இல்லாமல் கேட்டால் ஊர்க் கடைகளில் சில நேரம் நடக்கும். இந்த போனுக்கு நீங்கள் கொடுத்த விலையில் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஐயாயிரத்துக்கு மேல் கழித்தால் வேண்டாம் என்பேன்.

ஒத்துவராவிட்டால் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்டில். வாங்கிய தேதி, பில் எண், ஐஎம்இஐ, சேல்ஸ்மேன் செய்தியின் தேதி, கேட்காமல் சேர்த்த தொகை, நீங்கள் கேட்கும் பரிகாரம் ஆகியவை இருந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், திட்டவும் வேண்டாம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்வது கடையைக் கட்டாயப்படுத்தாது, ஆனாலும் இத்தகைய சின்னத் தொகைத் தகராறுகள் பல அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆணையத்துக்குப் போகும்படி ஆனால், கடிதத்தின் நகலும் தபால் ரசீதும் அந்த எண்ணும் உங்கள் மனுவோடு சேர வேண்டியவை.